தானாக என்றொரு கட்டம்

அந்த நாற்காலியைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கான உயரம், மஞ்சள் பிளாஸ்டிக், ஒரு கால் லேசாக வளைந்தது. அதில் ஐம்பத்திரண்டு வயதான, மூட்டு வலியுள்ள, ஆளும் கொஞ்சம் கனமான ஒரு பெண் பதின்மூன்று வருடங்களாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெரிய நாற்காலி இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளையின் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். "உச்சந்தலையப் பாத்து வேல செய்ய நான் என்ன சலூனா வச்சிருக்கேன்?" என்று கேட்பாள்.

அவளுடைய அடையாள அட்டையில் 'சிறப்புக் கல்வி உதவியாளர்' என்றும், அதற்குக் கீழே கொஞ்சம் தடித்த எழுத்தில் 'தற்காலிகம்' என்றும் போட்டிருந்தது. பதின்மூன்று வருடத் தற்காலிகம். வருடத்தில் பத்து மாதம் வேலை, மீதி இரண்டு மாதம் மறுபடி கூப்பிடுவார்களா என்ற கவலை. பிள்ளைகளுக்கு அந்த நீளமான பதவிப் பெயர் வாயில் நுழையவில்லை. கரும்பலகை முன்னால் நிற்பவர் டீச்சர், பக்கத்தில் உட்காருகிறவர் பக்கத்து டீச்சர். தலைமையாசிரியர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவள் கடைசி நான்கு வருடம் யார் பக்கத்தில் உட்கார்ந்தாளோ, அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. வகுப்பே அவளை மகாராணி என்றது. தினமும் சக்கர நாற்காலியில், முன்னால் இரண்டு பேர் வழிவிடச் சொல்லிக் கத்த, பின்னால் ஒருத்தி தள்ள, வாசல் வழியாக வருகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? மகாராணிக்குப் பேச்சு வராது. கையும் கழுத்தும் அவள் சொன்னபடி கேட்காது. ஆனால் அவள் தலைக்குள் நடப்பதில் ஒரு குறையும் கிடையாது. ஆமாம் என்றால் கண்ணை மேலே உயர்த்திக் கூரையைப் பார்ப்பாள். இல்லை என்றால் இறுக மூடிக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுடைய அகராதி. அதை வைத்துக்கொண்டே வகுப்பில் பாதிப் பேரை அதட்டி வைத்திருந்தாள்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. மாதம் ஒருமுறை கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்று பேசிக்கொள்வார்கள். "உன் பிள்ளை எதுவரைக்கும் வந்திருக்கா?" "கை மேல கைதான் இன்னும்." "எம் பொண்ணு முழங்கைக்கு வந்துட்டா." முதலில் பிள்ளையின் கை மேல் தன் கையை வைத்துச் செய்ய வைப்பது. அப்புறம் முழங்கையை மட்டும் தாங்குவது. அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. கையை எடுத்துவிட வேண்டும், ஆனால் எடுத்த கை முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளியில் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கூடாது, விலகவும் கூடாது. பிள்ளைக்கு அந்தக் கை இருப்பது தெரியும், அந்தத் தெம்பில்தான் ஸ்பூன் மேலே போகும். அந்தப் படிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'தானா'. "எம் பிள்ளை தானா சாப்பிடுறா" என்று ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

மகாராணி நான்கு வருடத்தில் அந்தப் படிக்கு வந்தாள். பக்கத்து டீச்சரின் வீட்டுக்காரர் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர். ஸ்பூன் பிடியில் கறுப்பு ரப்பர் குழாயை ஏற்றி, அவள் விரலுக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுத்திருந்தார். அந்த ஸ்பூன் ஒரு மத்தியானம் தட்டிலிருந்து கிளம்பி, வழியில் இரண்டு முறை யோசித்து, வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து டீச்சரின் கை கீழேயே வந்தது, தொடவில்லை. மகாராணி முழுங்கிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்காமலே ஆமாம் என்றாள். அன்றைக்குப் பக்கத்து டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

தலைகால் புரியாத அந்த வாரத்தில்தான் வருடாந்தரப் படிவம் வந்தது. பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டங்கள்: தானாக, உதவியுடன், இயலாது. பன்னிரண்டு வருடமாக நடுக்கட்டத்திலேயே டிக் போட்டுப் பழகிய கை, அந்தத் தடவை உணவு உண்ணுதல், எழுதுகோல் பிடித்தல், தேவையைத் தெரிவித்தல், வகுப்பில் அமர்தல் என்று நான்கு வரியில் முதல் கட்டத்துக்குப் போனது. பொய் சொல்லவில்லை. அவள் பாஷையில் அது சத்தியம். படிவம் வேறு பாஷையில் இருந்தது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் கடிதம் வந்தது. 'மாணவி தன்னிச்சையாக இயங்கும் நிலையை எட்டியமைக்குப் பாராட்டுகள்' என்று ஆரம்பித்தது. பாராட்டிவிட்டு, ஆதலால் உதவியாளர் நேரம் நாள் முழுவதும் என்பதிலிருந்து வாரம் இரண்டு மணி என்று மாற்றப்படுகிறது என்று முடித்திருந்தார்கள். கழுத்தை அறுக்கிறவர்கள் மாலை போட்டுவிட்டு அறுப்பது ஒரு மரியாதைதான்.

பக்கத்து டீச்சர் கல்வி அலுவலகத்துக்கு ஓடினாள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த எழுத்தர் நல்ல மனிதர், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"தானான்னா நாங்க சொல்றது வேறங்க சார். நான் பக்கத்துல இருக்கும்போது தானா."

"அதை அப்பவே எழுதியிருக்கலாமேம்மா."

"ஓரத்துல எழுதியிருந்தேனே சார். 'நான் பக்கத்தில் இருக்கும்போது'ன்னு."

எழுத்தர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். எழுதியிருந்தது, பொடி எழுத்தில், அழகாக. "ஓரத்துல எழுதினத கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா," என்றார் வருத்தமாக. "அது டிக்கத்தான் எண்ணும். மறு மதிப்பீட்டுக்கு எழுதிக் குடுங்க. ஆள் வந்து நேர்ல பாப்பாங்க."

ஆள் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் மகாராணி பெரும்பாலும் வீட்டில் இருந்தாள். வந்த நாட்களில் சாப்பாடு திறக்காமலே திரும்பிப் போனது. வகுப்பு டீச்சருக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அவரைக் குறை சொல்ல வழியில்லை. மகாராணிக்கு முகவாய் தாழ்ந்திருந்தால்தான் சோறு சரியான குழாயில் இறங்கும், தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும். அதைத் தெரியாத கையிடம் விட அவள் அம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஏழு வாரத்தில் எடுக்கக்கூடிய லீவையெல்லாம் எடுத்து, எடுக்கக்கூடாத லீவையும் எடுத்தாகிவிட்டது.

"அக்கா, இன்னும் ஒரு வாரம் போனா என்னை நிறுத்திடுவாங்க," என்றாள் அம்மா. இருவரும் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். மறுநாள் மதிப்பீடு. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவ ஸ்பூனத் தூக்காம இருந்தாப் போதும். நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னா கேப்பா."

பக்கத்து டீச்சர் தன் ஆயுளில் எந்தப் பிள்ளையிடமும் 'செய்யாதே' என்று சொல்லிப் பழகாதவள். இருந்தாலும் குனிந்து, மகாராணியின் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள்.

"கண்ணு, நாளைக்கு ஒரு மேடம் வருவாங்க. அவங்க முன்னால ஸ்பூன எடுக்க வேணாம். தெரியாத மாதிரி இரு. சரியா?"

மகாராணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெகுநேரம் திறக்கவில்லை.

மதிப்பீட்டு அதிகாரி மெலிந்த பெண். தோளில் இரண்டு பை, காலில் தேய்ந்த செருப்பு. வந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "மூணு பேர் செய்ய வேண்டிய வேலைம்மா, ரெண்டு இடம் காலியா கிடக்கு," என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லி, படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்து டீச்சர் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து மசித்த சாப்பாட்டைத் தட்டில் வைத்தாள்.

மகாராணி ஸ்பூனை எடுத்தாள்.

தலை வாரி, பொட்டு வைத்து, புது ரிப்பன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்திருக்கும் மேடத்துக்குத் தன் வித்தையைக் காட்ட வேண்டும் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஸ்பூன் தட்டைவிட்டுக் கிளம்பியது. பக்கத்து டீச்சரின் கை பழக்கத்தில் தானே முழங்கைக்குக் கீழே போனது. அதிகாரியின் பேனாவும் முதல் கட்டத்தை நோக்கிப் போனது. ஒரே பார்வையில் இரண்டையும் பார்த்தாள் பக்கத்து டீச்சர்.

பார்த்துவிட்டு, தன் கையை எடுத்தாள். எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் ஸ்பூன் மடியில் விழுந்தது. மகாராணி திரும்பிப் பார்த்தாள். கை எங்கே என்று தேடும் பார்வை அது, கோபம்கூட இல்லை. பக்கத்து டீச்சர் சுவரைப் பார்த்தாள். இரண்டாவது ஸ்பூன் கன்னத்தில் போய் அப்பியது. மூன்றாவதை எப்படியோ வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள், ஆனால் அந்தப் பிரயாசையில் கழுத்து பின்னால் சாய்ந்தது. புரையேறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, உடம்பு முழுக்க விறைத்தது.

பக்கத்து டீச்சர் அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள்.

"பிடிங்க!" என்று அதிகாரி எழுந்தே விட்டாள். "என்ன பாத்துட்டு இருக்கீங்க, பிடிங்கம்மா!"

மூன்று எண்ணுவதற்குள் பிடித்துவிட்டாள். முகவாயைத் தாழ்த்தி, முன்னால் சாய்த்து, முதுகைத் தட்டி, எல்லாம் அரை நிமிடம்தான். இருமல் அடங்கியது. அதிகாரி உட்கார்ந்து, நான்கு வரியிலும் 'உதவியுடன்' என்று திருத்தினாள். மகாராணி ரிப்பன் அவிழ்ந்து தொங்க, பக்கத்து டீச்சரின் தோளில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அது களைப்பா, அவளுடைய 'இல்லை'யா என்று கேட்க இவளுக்குத் தைரியம் வரவில்லை.

வாசல் வரை வழியனுப்பப் போனபோது அதிகாரி சொன்னாள்: "வேணும்னேதான் கைய எடுத்தீங்க. எனக்குத் தெரியும்."

பக்கத்து டீச்சர் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"உங்க இடத்துல நானும் எடுத்திருப்பேனோ என்னமோ. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இந்த நேரம் ஆகாசத்துலேருந்து வரல. நாப்பத்தேழு பிள்ளைங்க, பதினோரு ஆளு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூலுக்கு உங்க நேரத்துலேருந்து மத்தியானம் ஒதுக்கியிருந்தாங்க. உங்க மனு வந்ததால ஆர்டர் நின்னுபோச்சு. அங்க அஞ்சு வயசுல ஒரு பிள்ளை இருக்கு. அதோட நேரத்தைத்தான் வெட்டி உங்களுக்குத் தரேன்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"காத்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அதிகாரி இரண்டு பையையும் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

நாள் முழுவதும் உதவியாளர் என்ற பழைய நேரம் திரும்பி வந்தது. அம்மா வேலைக்குப் போனாள், எல்லாம் பழையபடி என்றுதான் வெளியே தெரிந்தது. மகாராணி மட்டும் ஸ்பூனைத் தொடவில்லை. ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். ஸ்பூனைக் கையில் வைத்தால் விரல்களைத் திறந்து கீழே விட்டாள். ஒரு மாதம், இரண்டு மாதம். வீட்டில் பக்கத்து டீச்சர் சாப்பிட உட்கார்ந்தால் கையில் எடுத்த கவளம் அப்படியே நிற்கும்.

"நீ செஞ்சது அவளுக்காகத்தானே," என்றார் வீட்டுக்காரர்.

"அவளுக்காகத்தாங்க. அவகிட்ட கேக்காம."

அவர் எழுந்தார். கழன்றுபோன ரப்பர் பிடியை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக மாட்டிக்கொண்டு வந்து வைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னால் பக்கத்து டீச்சர் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "அன்னைக்கு நான் கைய எடுத்துட்டேன். உங்கிட்ட சொல்லாம எடுத்தேன். தப்பு என்னோடது கண்ணு. மன்னிச்சுடு." ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஐம்பத்திரண்டு வயது கேட்கும்போது குரல் கொஞ்சம் உடையத்தான் செய்யும். மகாராணி அவளைப் பார்த்தாள். கூரையையும் பார்க்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. ஆனால் ஸ்பூனைக் கையில் வைத்தபோது விரல் மூடிக்கொண்டது.

ஸ்பூன் கிளம்பியது. பக்கத்து டீச்சரின் கை கீழே போனது. உடனே ஸ்பூன் நின்றது. மகாராணி கண்ணை இறுக மூடினாள். இல்லை.

"வேணாமா? கை வேணாமா?"

கண் மேலே போனது. ஆமாம், வேண்டாம்.

கோபமா, வைராக்கியமா, தெரியவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் அந்தக் கையைக் கிட்டே சேர்க்கவில்லை. முதல் மாதங்களில் வாய்க்குப் போனதைவிட மடிக்கும் தரைக்கும் போனதுதான் அதிகம். பக்கத்து டீச்சர் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, முகவாய்க்கு மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். அதற்கும் ஒரு வழி பிறந்தது. பக்கத்து பெஞ்சுக்காரி ஒருத்தி தன் நோட்டிலிருந்து தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கரைப் பிய்த்து, சக்கர நாற்காலிப் பலகையின் விளிம்பில் ஒட்டினாள். அழகுக்காகத்தான் ஒட்டினாள். நட்சத்திரத்தைப் பார்த்தால் முகவாய் தாழும் என்பதை மகாராணியே கண்டுபிடித்தாள். நட்சத்திரத்தைப் பார், தூக்கு, முழுங்கு. மஞ்சள் நாற்காலி ஒரு சாண் தள்ளிப்போனது. அப்புறம் ஒரு முழம். கடைசியில் ஜன்னல் ஓரத்துக்கே போய்விட்டது. அங்கேயிருந்து பார்த்தாலும் முகம் தெரிந்தது.

மறுபடியும் படிவம் வந்தது. பன்னிரண்டு வரி, மூன்று கட்டம்.

"போன தடவ பட்டது போதாதாக்கா?" என்றாள் அம்மா. சலவைப் பிரிவின் மருந்து வாசனை அவள் புடவையில் இருந்தது. "எல்லாத்தையும் மறுபடி பிடுங்கிட்டா?"

"பிடுங்க மாட்டாங்க தங்கச்சி. எழுத்தர்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். சாப்பாட்டு வரி ஒண்ணு மட்டும்னா மத்தியானம்தான் போகும். காலையிலேருந்து சாப்பாடு வரைக்கும் நான் இருப்பேன். சாப்பிடறப்ப டீச்சர் ஒரு பார்வை பாத்தாப் போதும். நீயே ஜன்னல் வழியாப் பாத்தியே."

பார்த்திருந்தாள். போன வாரம் ஜன்னலுக்கு வெளியே நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, முழுத் தட்டும் காலியாகும் வரை பார்த்திருந்தாள். "நீங்க என்ன போட்டாலும் சரிக்கா," என்றாள்.

"நான் போடப்போறதில்ல. இந்தத் தடவ அவளையே கேட்டுடலாம்."

பக்கத்து டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தை மகாராணி முன்னால் வைத்தாள். வரியை வாசித்தாள். உணவு உண்ணுதல். மூன்று கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள். தானாகப் போட்டால் மத்தியானம் நான் இங்கே இருக்க மாட்டேன், வேறு ஒரு பிள்ளையிடம் போய்விடுவேன் என்றும் சொன்னாள். ஒளிக்கவில்லை.

"இயலாது?"

கண்ணை மூடினாள்.

"உதவியுடன்?"

திறக்கவே இல்லை.

"தானாக?"

கண் திறந்தது. கூரை வரைக்கும் போனது. அப்படியே நின்றது, கழுத்து நரம்பு புடைக்க. பக்கத்து டீச்சர் டிக் போட்டாள். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில் அந்தப் பள்ளிக்கூடம். முதல் நாள் பஸ் தாமதம். மூச்சிரைக்க உள்ளே போனபோது, வகுப்பறைக் கடைசியில் ஒரு தாய் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு காத்திருந்தாள். குழந்தைக்கு ஆறு வயது முடிந்திருந்தது. கை இரண்டும் நெஞ்சோடு மடங்கியிருந்தன, விரல்கள் இறுக மூடியிருந்தன. ஒரு வருடத்துக்கு முன்னால் பிடித்துப் பழக்க ஆரம்பித்திருந்தால் அந்த விரல்கள் இவ்வளவு இறுகியிருக்காது. இதைத் தொடாமலே, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் பக்கத்து டீச்சர்.

"போன வருஷமே சேத்துக்கறோம்னு சொன்னாங்கம்மா," என்றாள் அந்தத் தாய். குறை சொல்லும் குரல் இல்லை, நடந்ததைச் சொல்லும் குரல். "புதுப் பை எல்லாம் வாங்கிட்டோம். அப்புறம் ஆள் இல்லன்னுட்டாங்க. ஒரு வருஷம் வீட்டோடயே வச்சிருந்தோம்."

பக்கத்து டீச்சர் கீழே உட்கார்ந்து, அந்த மூடிய விரல்களுக்குள் தன் சுண்டுவிரலை மெல்ல நுழைத்தாள்.

"ஆள் இருந்தாங்கம்மா," என்றாள். "அது நான்தான். வேற பிள்ளைகிட்ட இருந்தேன்."

அந்தத் தாய்க்குப் புரியவில்லை. புரியாமலே சிரித்தாள். "அதான் இப்ப வந்துட்டீங்களே," என்று சொல்லி, டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு, அவள் உட்காருவதற்கு ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டாள்.